அண்ணியின் மூன்றாவது கோடு

எங்கள் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல நான் வாயைத் திறந்தாலே கேட்பவர்கள் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்தால் பின்னால் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்று நினைப்பு. நினைத்துவிட்டுப் போகட்டும். வீட்டில் எனக்குப் பட்டாசு என்று பெயர். மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் எதிரே இருப்பது யார் என்று பார்க்க மாட்டேன். அண்ணி அதற்கு நேர் எதிர். பஸ்ஸில் யாராவது காலை மிதித்துவிட்டால் "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று மிதித்தவரையே விசாரிக்கிற ரகம். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே சமையலறையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறோம் என்றால் அதில் என் பெருமை ஒன்றும் இல்லை.

அண்ணி வேலை பார்ப்பது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். முகவரி மாற்றம், வாரிசு பெயர் மாற்றம் பார்க்கிற பிரிவு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே நாற்காலி. அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் ஆக்சுவரிகள் என்று சிலர் உட்கார்ந்திருப்பார்கள். பத்தாயிரம் பேரில் இந்த வருஷம் எத்தனை பேர் படுக்கையில் விழுவார்கள், எத்தனை பேர் எழுந்திருப்பார்கள், எத்தனை பேர் போய்ச் சேருவார்கள் என்று கணக்குப் போட்டு, யாரிடம் எவ்வளவு பிரீமியம் வாங்கலாம் என்று சொல்கிறவர்கள். ஒரு கோப்பைக் கொடுக்கப்போன இடத்தில் அண்ணி அவர்களுடைய திரையை எட்டிப் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். மாலைக் கல்லூரியில் சேர்ந்து, அலுவலகம் முடிந்து, வீட்டு வேலை முடிந்து, வருஷக்கணக்கில் படித்து ஆக்சுவரியல் பட்டம் வாங்கினார்.

பட்டத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அதற்கு மேல் ஆனர்ஸ் என்று ஒரு வருஷம் இருக்கிறதாம். நல்ல மதிப்பெண் உள்ள சிலரை மட்டும் கூப்பிடுவார்கள். கடினமான பாடங்கள் கொஞ்சம், சொந்தமாக ஓர் ஆய்வேடு. அதில் முதல் வகுப்பு வாங்கினால் ஆக்சுவரிகள் சங்கம் வைக்கிற தேர்வுகளில் சிலவற்றை எழுத வேண்டியதில்லை. அண்ணியின் மேலாளர் ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். முதல் வகுப்போடு வந்தால் மேல்மாடியில் ஒரு நாற்காலி காத்திருக்கும், இல்லையென்றால் பழைய முகவரி மாற்றம்தான். ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு. பஸ் ஓட்டுகிற எங்கள் அண்ணன் கூடுதல் ஷிப்ட் எழுதிக் கொடுத்தார். அவரிடம் அண்ணி, "ஒரு வருஷம்ங்க, சமாளிச்சுடலாமா?" என்று கேட்டபோது அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ படி. நான் ஓட்டிக்கிறேன்" என்றார். கல்லுளிமங்கன். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து முத்து உதிராது.

முதல் நாள் வகுப்புக்குள் அண்ணி நுழைந்ததும் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்களாம், புதிதாக வந்த ஆசிரியை என்று நினைத்து. அண்ணியும் பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டார். உறவினர் வீட்டு விசேஷங்களில்தான் தொல்லை. "ஏம்மா, சாவுக் கணக்கு படிக்கிறியாமே? நான் எப்ப போவேன்னு சொல்லேன்" என்று வயிறு தள்ளிய பெரியப்பா ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டார். "உங்க ஒருத்தரைப் பத்தி சொல்ல முடியாது பெரியப்பா. உங்களை மாதிரியே பத்தாயிரம் பேர் இருந்தா சொல்லலாம்" என்றார் அண்ணி. பக்கத்தில் இருந்த பெரியம்மா, "ஐயோ, ஒருத்தரையே சமாளிக்க முடியலடி!" என்றார்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுயபுராணம் அல்ல, அண்ணியின் ஆய்வேட்டுக்குள் நான் எப்படிப் போய் விழுந்தேன் என்று தெரிய வேண்டுமே, அதற்காக.

நான் பார்சல் பிரிக்கும் கிடங்கில் வேலை செய்கிறேன். ஓடுகிற பெல்ட்டிலிருந்து பெட்டிகளை எடுத்து ஊர்வாரியாக அடுக்கு அடுக்காக வைக்கிற வேலை. ஒருநாள் மேலடுக்கிலிருந்து சரிந்த ஒரு பெட்டியை வலது கையால் தாங்கிப் பிடித்தேன். பெட்டி பிழைத்தது, என் தோள் பிழைக்கவில்லை. உள்ளே தசைநார் கிழிந்துவிட்டது என்று அறுத்துத் தைத்தார்கள். எங்கள் தொழிலாளர்களுக்கென்று ஒரு நோய்க்கால உதவி நிதி உண்டு. வேலைக்குப் போக முடியாத காலத்தில் வாராவாரம் ஒரு தொகை தருவார்கள். எனக்கும் தந்தார்கள்.

அந்த நாட்களில் தினமும் காலையில் அலுவலகம் கிளம்புமுன் அண்ணி எனக்குத் தலை வாரிப் பின்னிவிடுவார். ரவிக்கைக் கொக்கியைப் போட்டுவிடுவார். "வலிச்சா சொல்லு" என்று மெதுவாகச் சிக்கெடுப்பார். நான் எரிந்து விழுவேன், அவர் பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருப்பார். பெற்ற தாய் இருந்திருந்தால்கூட ஒரு வாரத்தில் என் வாய்க்குப் பயந்து சீப்பைத் தூக்கிப் போட்டிருப்பாள். அண்ணி போடவில்லை. அந்த நன்றியை நான் எந்தக் கையால் தீர்ப்பது?

ஒரு வருஷம் முடிந்ததும் நிதியிலிருந்து பணம் நின்றது. அடுத்த திங்கட்கிழமையே வேலைக்குப் போய்விட்டேன். தோள் தலைக்கு மேலே போகாது. கையைத் தொங்கவிட்டால் ஒரு வலி, தூக்கினால் இன்னொரு வலி. ஆனால் வீட்டில் அண்ணிக்கு அப்போதுதான் ஆனர்ஸ் இடம் கிடைத்திருந்தது. அண்ணன் கூடுதல் ஷிப்ட் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த நேரத்தில் போய் நானும் ஒரு பாரமாக உட்காருவதா? கேட்டவர்களிடமெல்லாம் "நல்லாயிடுச்சு" என்றேன். பெட்டிகளை இடது கையால் இழுத்து இடுப்பால் தள்ளி ஒப்பேற்றினேன்.

அண்ணியின் ஆய்வேட்டுக்கு எங்கள் நிதியே விவரங்களைக் கொடுத்தது. ஆய்வேட்டுக்கு வழிகாட்டிய பேராசிரியை கேட்டு வாங்கித் தந்தார். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெயர் கிடையாது. வயது, தொழில், எந்த வாரம் உதவித் தொகை ஆரம்பித்தது, எந்த வாரம் நின்றது, ஆள் இறந்துவிட்டாரா என்பது மட்டும். இறக்காமல் தொகை நின்றிருந்தால் அவர் குணமாகி வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று கணக்கு. படுத்த ஆள் எத்தனை வாரத்தில் எழுந்திருப்பார் என்பதைக் கோடாக வரைய வேண்டும். கோடு என்றால் நேர்கோடு இல்லை, வளைந்து வளைந்து போகிற கோடு.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பச்சையாக வருகிற எண்கள் ஒழுங்காக இருக்காது. ஒரு வாரம் எகிறும், ஒரு வாரம் விழும். அதை அப்படியே வைத்துக்கொண்டால் யாரிடமும் ஒழுங்காக பிரீமியம் வாங்க முடியாது. ஆகவே மேடு பள்ளத்தையெல்லாம் ஒரு சூத்திரத்தால் தேய்த்துச் சீராக்கிவிடுவார்கள். "கசங்கின துணிக்கு இஸ்திரி போடுற மாதிரி" என்றார் அண்ணி. நன்றாகத் தேய்க்கத் தெரிந்தவர்தான் நல்ல ஆக்சுவரியாம். அண்ணி நன்றாகத் தேய்ப்பார்.

தேய்த்து முடித்தபோது ஓர் அதிசயம் வந்தது. நாள் ஆக ஆக ஆள் எழுந்திருப்பது குறையும் என்றுதான் இதுவரை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அண்ணியின் கோடு அரை வருஷத்துக்குப் பிறகு மெல்ல மேலே ஏறியது. நாள்பட்ட நோயாளிகள் வேகமாகக் குணமாகிறார்கள்! பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாராம். "இது புதுசும்மா. இதை நல்லா எழுதுங்க, முதல் வகுப்பு உங்க வீட்டு வாசல்ல நிக்குது" என்றாராம். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கோட்டை அச்செடுத்துக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். கல்யாண போட்டோவைக்கூட அவர் அப்படி ஒட்டியதில்லை. அண்ணன் வேலை முடிந்து வந்து தண்ணீர் எடுக்கும்போது அதைப் பார்த்துவிட்டு, "மேடு ஏறுதே, செகண்ட் கியர் போடணும்" என்றார்.

நானும் தினமும் பார்த்தேன். தண்ணீர் எடுக்கும்போது, பால் வைக்கும்போது, காய் எடுக்கும்போது. ஒரு வருஷம் என்று குறித்த இடத்தில் கோடு ஜம்மென்று மேலே போய்க்கொண்டிருந்தது. அத்தனை ஆயிரம் பேர் எழுந்து நடந்துவிட்டார்கள். எழுதியது யாரோ எவரோ இல்லை, எங்கள் அண்ணி. அண்ணியின் கணக்கு தப்பாக இருக்கும் என்று எனக்குக் கனவிலும் தோன்றவில்லை. அப்படியானால் தப்பு என் தோளில்தான் இருக்க வேண்டும். அல்லது என் புத்தியில். சோம்பேறித்தனமோ, பயமோ, உடம்பை வளைக்க மனசு இல்லையோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஊரையெல்லாம் திட்டுகிற வாய், என்னை மட்டும் விடுமா? தூக்கித் தூக்கிப் பழகினால் வந்துவிடும் என்று முடிவு கட்டினேன். யாரும் இல்லாதபோது வலது கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணில் பூச்சி பறந்தது. மறுநாளும் தூக்கினேன்.

ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதத்துக்கும் குறைவாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நூலகத்தில் எடுத்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க அண்ணி ஓர் அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்தார். எங்கள் வீடு மூன்றாவது மாடி, அன்றைக்கு லிப்ட் ஓடவில்லை. "நான் எடுத்துட்டு வரேன், நீங்க முன்னாடி போங்க" என்று பெட்டியை வலது கையில் அணைத்துத் தூக்கினேன். முதல் திருப்பம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். இரண்டாவதில் கை என் பேச்சைக் கேட்கவில்லை. பெட்டி உருண்டு, கயிறு அறுந்து, புத்தகங்கள் படி படியாகக் குதித்துப் போயின. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து அண்ணி ஓடிவந்தார்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. கால் தடுக்கிடுச்சு."

"கால் தடுக்கினா எதுக்குத் தோளைப் புடிச்சுட்டு இருக்க?"

அவர் என் கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். நான் அலறிவிட்டேன்.

"இன்னும் வலிக்குதா?"

"எப்பவும் வலிக்குது."

"நல்லாயிடுச்சுன்னு சொன்னியே! எத்தனை தடவை கேட்டேன்!"

"உங்க கோட்டுல எல்லாரும்தான் நல்லாயிட்டாங்க. நான் மட்டும் என்ன அதிசயப் பிறவியா? தூக்கிப் பழகினா சரியாயிடும்னு பாத்தேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "எனக்குத்தான் உடம்பு வணங்கலையோன்னு நெனச்சேன் அண்ணி."

அண்ணி என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். தணிந்த குரலில், "உனக்குப் பணம் நின்னப்ப யாராவது உன் தோளைப் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"யார் பாப்பாங்க? வருஷம் முடிஞ்சுது, நிறுத்திட்டாங்க."

அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டார். நிதியின் விதிகள் அவருக்குத் தெரியாததல்ல. தற்காலிக ஆட்களுக்கு அரை வருஷம், எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வருஷம், மேற்பார்வை வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டு வருஷம், அதற்கு மேல் தரமாட்டார்கள் என்று முதல் அத்தியாயத்தில் அவரே எழுதியிருந்தார். முதல் அத்தியாயத்தில் எழுதியது மூன்றாம் அத்தியாயத்தில் கணக்குப் போடும்போது நினைவுக்கு வரவில்லை. கெடு முடிந்து பணம் நின்றவர்கள் அத்தனை பேரையும் குணமானவர்கள் என்று சேர்த்துவிட்டார்.

புத்தகங்களைப் பொறுக்கிக்கூட எடுக்காமல் என்னை அழைத்துக்கொண்டு மேலே வந்தார். தோளுக்கு ஐஸ் வைத்துக் கட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். தேய்ப்பதற்கு முந்தைய பச்சைக் கணக்கு திரையில் வந்தது. அரை வருஷத்தில் ஒரு முள், ஒரு வருஷத்தில் ஒரு முள், இரண்டு வருஷத்தில் ஒரு முள். கத்தியைக் குத்தி நிறுத்தியதுபோல மூன்றும் தனியாக நின்றன. படிக்காத எனக்கே கண்ணில் அடித்தது.

"இதை முன்னாடி பாக்கலையா அண்ணி?"

"பாத்தேன். நல்லாவே பாத்தேன். ஏதோ கோளாறுன்னு நெனச்சு தேய்ச்சுட்டேன்" என்றார். "முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சிருக்கேன் பட்டாசு. நானே மறைச்சுட்டு நானே அதிசயம்னு சொல்லியிருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுக்குள்ளயே ஒருத்தி வலியோட நடமாடுறா, அவளையும் குணமானவள்னு கணக்குல எழுதியிருக்கேன்" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் பேராசிரியையைப் பார்க்கப் போனார். தோள் வீங்கியிருந்ததால் எனக்கும் விடுப்பு, நானும் கூடப் போனேன். சுவர் முழுக்கப் புத்தகம், மேஜை முழுக்கக் காகிதம், நடுவில் ஒரு சின்ன அம்மாள். அண்ணி சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. முழுவதும் கேட்டுவிட்டு, "நானும்தானே பாத்தேன். எனக்கும் தெரியலையே" என்றார். மனுஷி அதை ஒப்புக்கொண்டதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். "கடைசித் தேதியை ஒருத்தருக்காக மாத்த முடியாது. ரெண்டு வழி இருக்கு. இப்படி ஒரு குறை இருக்குன்னு கடைசியில ஒரு பத்தி எழுதிட்டு இதையே குடுங்க. எழுத்து நல்லா இருக்கு, முதல் வகுப்பு வந்துடும்னுதான் தோணுது. இல்ல, மொத்தக் கணக்கையும் மறுபடி போடுங்க. முடிக்க முடியுமான்னு எனக்குத் தெரியல. அரைகுறையா நின்னா மதிப்பெண் போயிடும். நீங்கதான் முடிவு பண்ணணும்."

பஸ்ஸில் வரும்போது நான் ஆரம்பித்தேன். "பேசாம ஒரு பத்தி எழுதிக் குடுத்துடுங்க அண்ணி. அந்தம்மாவே சொல்லிட்டாங்க. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பாங்களா? இது சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிறது."

அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசிப் பத்தியை யாரு படிப்பா? கோட்டைத்தான் பாப்பாங்க. ஆறு மாசத்துக்கு மேல தானா எழுந்திரிச்சுடுறாங்களே, எதுக்கு ஒரு வருஷம், ரெண்டு வருஷம் குடுக்கணும்னு நாளைக்கு நிதிக்காரங்க கேட்டா?"

"கேக்கட்டுமே. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நீயே அந்தக் கோட்டை நம்பி உன் தோளை உடைச்சுக்கிட்டியே" என்றார்.

அதற்குப் பிறகு இந்தப் பட்டாசு நமுத்துப் போய் வாயை மூடிக்கொண்டு வந்தது. அண்ணனிடம் அண்ணி நடந்ததைச் சொன்னபோது, மேல்மாடி நாற்காலி போய்விடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். இவருக்காகத்தானே அந்த மனிதர் விடிந்தும் விடியாமலும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "தப்பான ரூட்ல போயிட்டோம்னு தெரிஞ்சா திருப்பித்தானே ஆகணும்" என்றார். அவ்வளவுதான். கல்லுளிமங்கன் என்று சொன்னேனே, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பிறகு வந்த நாட்களில் வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேஜை முழுக்க அண்ணியின் காகிதங்கள். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் இடது கையால் சமைத்தேன், உப்பு ஒருநாள் இருக்காது, ஒருநாள் வாயில் வைக்க முடியாது. யாரும் மூச்சுவிடவில்லை. வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஆய்வேட்டு வேலையை வைத்துக்கொண்டே அண்ணியின் கணக்கை வரிவரியாகச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். "அக்கா, கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாத்துட்டோம், இந்தத் தடவை ஒண்ணும் ஒளிஞ்சுக்கல" என்று ஒரு பெண் தொலைபேசியில் சொன்னது எனக்கே கேட்டது. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். கணக்கு முடிந்தது. ஆனால் அதை விளக்கி எழுத வேண்டிய கடைசி அத்தியாயம் பாதியில் நின்றது. கடைசித் தேதி வந்துவிட்டது. இருந்ததைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆய்வேட்டைப் பற்றி மாணவர்கள் எல்லோர் முன்னிலும் பேச வேண்டும். வீட்டார் வரலாம் என்றார்கள். அண்ணனும் நானும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தோம். முன்வரிசையில் மதிப்பெண் போடுகிற மூன்று தேர்வாளர்கள். அண்ணி பேச எழுந்தபோது நான் அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னமோ முகவரி மாற்ற வந்தவருக்கு விளக்குவதுபோல நிதானமாக ஆரம்பித்தார். திரையில் முதல் கோடு வந்தது, குணமானவர்கள். இரண்டாவது கோடு, இறந்தவர்கள். பிறகு இதுவரை இல்லாத மூன்றாவது கோடு ஒன்று வந்தது, கெடு முடிந்து பணம் நின்றவர்கள். பழைய அதிசயம் காணாமல் போயிருந்தது. குணமானவர்களின் கோடு, எல்லோரும் எழுதியதுபோலவே நாள் ஆக ஆகத் தாழ்ந்துகொண்டே போனது.

தேர்வாளர்களில் ஒருவர், "மூணாவது பிரிவுல இருக்கறவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு? வேலைக்குப் போனாங்களா, இல்லையா?" என்று கேட்டார்.

"சிலர் போயிருப்பாங்க" என்றார் அண்ணி. "போனதால குணமாயிட்டாங்கன்னு சொல்ல முடியாது. இவங்களுக்குப் பணம் நின்னுடுச்சு, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். வலி நின்னதா யாரும் பாக்கல. இவங்களைக் குணமானவங்கன்னு எழுத நமக்கு உரிமை இல்லை."

வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து பணத்தை நிறுத்திய நிதியும் அந்தப் பழைய கோடும் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். உனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறாய். நானும் அதையே திருப்பிச் சொல்லிச் சொல்லி நம்பிவிட்டேன். இப்போது அத்தனை படித்தவர்கள் முன்னால், ஒலிபெருக்கியில், எங்கள் அண்ணி எனக்காகச் சொல்கிறார், இவள் குணமாகவில்லை என்று. நான் வாய்விட்டு அழுதேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் தன் கைக்குட்டையைக் கொடுத்தார், அதில் வண்டி கிரீஸ் வாசனை.

மதிப்பெண் வந்தது. இரண்டாம் வகுப்பு. கணக்கு மிக நேர்த்தி, கடைசி அத்தியாயம் அவசரத்தில் எழுதப்பட்டு முழுமை பெறவில்லை என்று குறிப்பு. நான் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன். அந்தக் குறிப்பு எழுதியவரை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்கப் போகிறேன் என்று செருப்பைத் தேடினேன்.

"உக்காரு. அவங்க எழுதினது சரிதான். அது அரைகுறைதான்" என்றார் அண்ணி.

"உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"இருக்கு. ரொம்ப இருக்கு. காலையிலயே குளியலறையில போய் அழுதுட்டு வந்தேன்." அவர் கண்கள் சிவந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "ஆனா அந்த முதல் வகுப்பை வாங்கிட்டு வந்து, தினமும் உன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

தேடிய செருப்பை விட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டேன், ஒரு கையால்தான் முடிந்தது.

அண்ணி பழைய நாற்காலிக்கே திரும்பிப் போனார். மேல்மாடிக்கு வேறு யாரோ வந்துவிட்டார்களாம். விலக்குக் கிடைக்காமல் போன சங்கத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்கிறேன் என்கிறார், எழுதுவார். நானும் ஒரு காரியம் செய்தேன். மதிப்பெண் வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை கிடங்குக்குப் போனதும் பெல்ட் பக்கம் போகவில்லை. நேராக சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன்.

"சார், என் தோள் குணமாகல. என்னால பெட்டி தூக்க முடியாது. உக்காந்து செய்யற வேலை ஏதாவது குடுங்க."

"இத்தனை மாசமா தூக்கிட்டுத்தானேம்மா இருந்த? நல்லாயிடுச்சுன்னுதானே வந்த? இப்ப குணமாகலன்னு யாரு சொன்னது?"

"எங்க அண்ணி சொன்னாங்க. பல்கலைக்கழகத்துல எல்லாரும் கேக்கச் சொன்னாங்க. அதைச் சொல்றதுக்காகத் தன் முதல் வகுப்பையே விட்டுட்டு வந்திருக்காங்க."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. என் முகத்தை ஒரு முறை பார்த்தார், தோளை ஒரு முறை பார்த்தார். அப்புறம் ஓரத்தில் காலியாகக் கிடந்த, பார்சல் சீட்டுகளை ஸ்கேன் செய்கிற மேஜையைக் கையால் காட்டினார். நான் போய் உட்கார்ந்தேன்.